எட்டக்காவும் எட்டு எலெக்ட்ரானும்

மனிதர்களை மனிதர்களாகப் பார்க்கத் தெரியாத ஒரு ஜீவன் பம்பாய் மாட்டுங்காவில் இருந்ததென்றால் அது எட்டக்காதான். அவள் கண்ணுக்கு நீங்களும் நானும், மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்குகிறவர்களும், லோக்கல் ரயிலில் தொங்குகிறவர்களும் எல்லோரும் அணுக்கள். யாரிடம் எத்தனை எலெக்ட்ரான் இருக்கிறது, யாருக்கு எத்தனை குறைகிறது என்பதுதான் அவளுக்கு முதலில் தெரிய வேண்டும். பெயர் கேட்பது அப்புறம். கேட்டாலும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டாள். அவளோடு ஒரே சமையலறையில் பதினொரு மாதம் குப்பை கொட்டிய எனக்கே "ஏய் குளோரின்" என்பதுதான் பெயர்.

அவளைப் பற்றி இப்படியெல்லாம் பத்திரிகையில் எழுதுவது முறைதானா என்று இரண்டு நாள் யோசித்தேன். "அவள் தமிழ்ப் பத்திரிகையைக் கையால் தொடமாட்டாள், தைரியமாக எழுது" என்றார் என் கணவர். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நாலைந்து வருஷம் ஆகிறது. என் கணவருக்குக் கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மூத்தவன் அப்போது ஐந்து மாதக் குழந்தை. எட்டக்காவுக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. ஒரு சாயக் கம்பெனியின் லேபரட்டரியில் வேலை பார்த்தாள். திங்கட்கிழமை விரல்கள் நீலமாக இருக்கும், வியாழக்கிழமை மஞ்சளாக இருக்கும், சனிக்கிழமை எந்த நிறம் என்று பகவானுக்குத்தான் தெரியும். அப்பா விட்டுப்போன இரண்டு அறை வீட்டில் ஓர் அறையை எங்களுக்கு விட்டாள். பம்பாய் வழக்கப்படி பதினொரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாவது மாதம் இருந்தால் வீட்டில் பாத்தியதை வந்துவிடும் என்று எல்லாரும் பயப்படுவார்களாம். அந்தப் பதினொரு மாதத்துக்குள் எங்களுக்கென்று தனி இடம் கிடைக்காவிட்டால், நானும் குழந்தையும் கும்பகோணத்துக்கு, அவர் மெஸ்ஸுக்கு. இது என் மாமியார் கடிதம் மூலம் எடுத்த முடிவு. அந்த முடிவை மாற்ற எங்கள் வீட்டில் யாரும் பிறக்கவில்லை. தனி இடம் பிடிக்க ஒரு சம்பளம் போதாது. ஆகவே நான் ஏதாவது வேலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ரயில் ஏற வேண்டும்.

முதல் நாள் வீடு பார்க்கப் போனோம். எட்டக்கா எங்கள் ஜாதி, சம்பளம், சொந்த ஊர் எதையும் கேட்கவில்லை.

"உங்களாண்ட ஆட்டுக்கல் இருக்கா?" என்றாள்.

"இல்லை. ஊர்லேருந்து தூக்கிண்டு வர முடியலை" என்றேன்.

"ஸ்டவ்?"

"புதுசா ஒண்ணு வாங்கியிருக்கோம்."

"எங்கிட்ட ஆட்டுக்கல் இருக்கு, ஸ்டவ் இல்லை. சரியா வந்துடுத்து. நாளைக்கே வந்துடுங்கோ."

எவ்வளவு பெருந்தன்மையான பெண்மணி என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நானே சொன்னேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

மறுநாள் எங்கள் சாமான்களை இறக்கியதும் சமையலறையின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். ஒரு குடித்தனத்துக்கு எட்டே எட்டு சாமான்தான் வேண்டும் என்பது அவள் சித்தாந்தம். என் பக்கம் எண்ணினாள், ஏழு. தன் பக்கம் எண்ணினாள், ஏழு. பிறகு என் ஸ்டவ்வையும் தன் ஆட்டுக்கல்லையும் நகர்த்திக் கோட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். என் கணவரைப் பார்த்து, "கேட்டுக்கோங்கோ மிஸ்டர்" என்று ஆரம்பித்தாள். கடைசிவரை அவர் அவளுக்கு மிஸ்டர்தான்.

"குளோரின் அணுவுக்கு வெளிச்சுத்துல ஏழு எலெக்ட்ரான். எட்டு இருந்தாத்தான் அதுக்கு நிம்மதி. பக்கத்துல இன்னொரு குளோரின் வருது. அதுக்கும் ஏழு. ஒண்ணுகிட்டேருந்து இன்னொண்ணு பிடுங்க முடியாது, ரெண்டுக்கும் ஒரே பலம். அதனால ஆளுக்கு ஒண்ணை எடுத்து நடுவில வெக்கறது. அந்த ஜோடி ரெண்டு பேருக்கும் பொது. இவனும் தனக்கு எட்டுன்னு எண்ணிக்கலாம், அவனும் தனக்கு எட்டுன்னு எண்ணிக்கலாம். இதான் சகப்பிணைப்பு. புரிஞ்சுதா?"

"ரெண்டையும் சேர்த்து எண்ணினா பதினாலுதானே வருது" என்றார் இவர்.

"யாரு சேர்த்து எண்ணச் சொன்னா உங்களை?"

நான் கெமிஸ்ட்ரி எடுத்து பி.எஸ்ஸி. பாஸ் பண்ணியவள். எலெக்ட்ரான் ஜோடியைப் பரீட்சையில் இரண்டு புள்ளியாகப் போட்டு மார்க் வாங்கினேனே தவிர, அதன் மேல் உட்கார்ந்து தோசைக்கு அரைக்க வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் எட்டக்காதான். வாழைப்பழம் எட்டுத்தான் வாங்குவாள். பழக்காரன் டஜன் கணக்கில்தான் விற்பான். "டஜன் க்யா, பாயி" என்று, டஜனாக எடுத்துக்கொள்ளச் சொல்லி அவன் மராத்தியில் கெஞ்சுவான். "பாக்கி நாலும் எனக்குப் பாரம்டா, வெச்சுண்டு என்ன பண்ணுவேன்" என்று இவள் தமிழில் உபதேசம் செய்வாள். தீர்ப்புக்குத் தெருவே கூடும். கடைசியில் யாராவது ஓர் அப்பாவி அந்த நாலு பழத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டும். பல நாள் அந்த அப்பாவி நான்.

அவளுக்கு ஏதாவது கொடுத்துவிடுவது என்பது நடக்காத காரியம். ஒரு நாள் மைசூர் ரசம் வைத்து ஒரு கிண்ணம் கொடுத்தேன். நான் எட்டும் பத்துமாக எண்ணிக் கொடுக்கவில்லை, மனிதத்தன்மையோடு கொடுத்தேன். கிண்ணத்தைத் திருப்பித் தள்ளினாள்.

"சோடியம்தான் தன்கிட்ட இருக்கறதைத் தூக்கிக் குளோரினுக்குக் குடுக்கும். குடுத்தவன் ஒரு சார்ஜோட நிப்பான், வாங்கினவன் ஒரு சார்ஜோட நிப்பான். அது உப்பு. நமக்குள்ள உப்பு வேண்டாம்."

"அக்கா, அது வெறும் ரசம்."

"இரு. நானும் ஒண்ணு வெக்கறேன். அப்புறம் எடுத்துக்கறேன்."

அதே ஸ்டவ்வில் அப்பளம் சுட்டுக் கோட்டின் மேல் வைத்தாள். அதற்குள் ரசம் ஆறிவிட்டது. இரண்டு பேரும் ஆறின ரசத்தைக் கருகின அப்பளத்தோடு சாப்பிட்டோம். இதற்குப் பெயர் விஞ்ஞானமாம்.

இதைவிட மோசமானது சுற்றுகிற விவகாரம். ஒரு ஜோடியில் இருக்கிற இரண்டு எலெக்ட்ரானும் எதிரெதிராகத்தான் சுற்ற வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கும் தெரியும். ஆனால் எட்டக்கா ஆட்டுக்கல்லை வலப்பக்கமாக ஆட்டும்போது நான் ஸ்டவ்வில் ரவையை இடப்பக்கமாகக் கிளற வேண்டும் என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஒரு வாரம் கிளறினேன். வீட்டுக்காரி சொன்னால் கேட்கத்தானே வேண்டும் என்று கிளறினேன். மணிக்கட்டு வீங்கியது. குழந்தையைத் தூக்க முடியவில்லை. அப்போதுதான் என்னைக் கிளறச் சொன்னவளைவிடக் கிளறிய நான் பெரிய பைத்தியம் என்று உறைத்தது.

பால்கனியில் ஒரு துணிக்கொடி. அதுவும் பொது. ஜூன் மாதம் மழை தொடங்கிவிட்டால் குழந்தைத் துணி காயாது. மழை நாளில் இருபது துணி தொங்கும். எட்டக்கா கொடியின் சரிபாதியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள். என் துணிகள் நூலைத் தாண்டி அவள் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நீ ஆக்சிஜன் ஆயிட்டேடி."

"என்ன தப்பு பண்ணினேன்?"

"தண்ணீர்ல ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஜோடியைப் பங்கு போட்டுண்டுதான் இருக்கு. ஆனா ஆக்சிஜனுக்கு இழுப்பு ஜாஸ்தி. ஜோடியைத் தன் பக்கமே வெச்சுண்டிருக்கும். பேருக்குப் பங்கு. ஹைட்ரஜன் பாவம் பார்த்துண்டிருக்கும்."

"நீங்க ஹைட்ரஜனா, அக்கா?"

"இந்த வீட்டுல வேற என்னவா இருக்கேன்?"

அப்படிச் சொல்லிவிட்டு நூலை அவிழ்த்து இரண்டு முழம் தன் பக்கம் தள்ளிக் கட்டினாள். அதாவது எனக்கு இடம் விட்டாள். அதை ஒரு சலுகையாகச் சொல்லத் தெரியாமல் என்னைத் திட்டிவிட்டுச் செய்தாள். நன்றி சொல்வதா, கோபித்துக்கொள்வதா என்று அன்று பூராவும் குழம்பினேன். கோபித்துக்கொண்டதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாததற்கும் அவளிடம் கெமிஸ்ட்ரியில் பதில் இருந்தது. கீழ்வீட்டு மாமி ஒருமுறை, தாதரில் ஒரு ரயில்வே வரன் இருக்கிறது, இரண்டாம் தாரம்தான், ஆனால் தங்கமான மனுஷன் என்று சொல்லிக்கொண்டு படியேறி வந்தாள்.

"மாமி, நான் நியான்" என்றாள் எட்டக்கா.

"அப்படின்னா?"

"எனக்கு எட்டும் இருக்கு. நியான் யாரோடயும் சேராது. எதையும் குடுக்காது, வாங்காது, பங்கு போடாது. மந்த வாயு."

மாமி மூச்சு வாங்க இறங்கிப் போனாள். பாதிப் படியில் நின்று என்னிடம், "வாயுத் தொந்தரவுன்னா ஓமத் தண்ணீர் குடிக்கப்படாதோ" என்றாள்.

ஒரு ஸ்டவ்வுக்காகக் கோடு கிழித்து என்னோடு பங்கு போட்டவள் எப்படி நியான் ஆனாள் என்று நான் கேட்கவில்லை. அப்போதெல்லாம் எனக்கு அவ்வளவு வாய் கிடையாது.

பத்தாவது மாதம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்குப் போகிற வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். சயன்ஸ் டீச்சர் வேண்டும். வருகிற திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். தலைமையாசிரியையும் கமிட்டியைச் சேர்ந்த ஒரு பழைய கெமிஸ்ட்ரி புரொபசரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். பாடம்: அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வது. உலகத்தில் எத்தனையோ பாடம் இருக்கிறது. வெப்பம் இருக்கிறது, ஒளி இருக்கிறது, தவளையின் ஜீரண உறுப்புகள் இருக்கின்றன. எனக்கு வந்து வாய்த்தது இது.

கடிதத்தை எட்டக்காவுக்குத் தெரியாமல் அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். அரை மணியில் அவள் அதைப் படித்து முடித்துவிட்டாள்.

"எப்படி ஆரம்பிக்கப் போறே?"

"புஸ்தகத்துல இருக்கறபடிதான்."

"பீஸ் பீஸா போயிடும்."

நான் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மிளகாய் கிள்ளிக்கொண்டே குறை சொன்னாள். "நைட்ரஜனை விட்டுட்டியே. மூணு ஜோடி போட்டுண்டு நிக்கறது. நாம மூச்சு விடற காத்துல முக்கால் பங்குக்கு மேல அதான். அத்தனை கெட்டியா பிடிச்சுண்டிருக்கறதாலதான் அது பாட்டுக்கு உள்ள போயிட்டு வெளில வருது." சொன்னதெல்லாம் சரிதான். அதனால்தான் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் கம்பெனியிலிருந்து சீக்கிரம் வந்தாள். தலை கலைந்திருந்தது. கையில் ஒரு வெளிநாட்டு ரசாயனப் பத்திரிகை. கப்பலில் வருவதால் எப்போதும் பல மாதம் பழசாக வந்து சேரும். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாள்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா, அக்கா?" என்றேன்.

"செனான் சேர்ந்துடுத்துடி."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. செனானும் நியானைப் போல ஒரு மந்த வாயு. எட்டும் நிரம்பியது, எதோடும் சேராதது என்று உலகமே படித்து வைத்திருந்தது. அதை ஃப்ளோரினோடு சேர்த்து வைத்துவிட்டார்களாம் அயல்நாட்டில். படம் போட்டிருந்தது.

"நியான் இல்லையே, செனான்தானே" என்று ஆறுதல் சொன்னேன். யாருக்காக எதற்கு ஆறுதல் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"இன்னிக்கு செனான்" என்றாள். அப்புறம் சனிக்கிழமை முழுவதும் பேசவில்லை. ஆட்டுக்கல் சும்மா கிடந்தது. என் கணவர் பயந்துபோய், "டாக்டரைக் கூப்பிடலாமா" என்றார். எலெக்ட்ரானுக்கு எந்த டாக்டர் வருவார்?

ஞாயிற்றுக்கிழமை அவள் வாய் திறந்தாள். எனக்கு நல்ல காலம் முடிந்தது.

"நாளைக்கு மந்த வாயு சேராதுன்னு சொல்லிடாதே."

"புஸ்தகத்துல அப்படித்தானே இருக்கு, அக்கா."

"புஸ்தகம் பழசு."

"அந்தப் புரொபசர் புஸ்தகத்தைவிடப் பழசாம். புஸ்தகத்துக்கு விரோதமாப் பேசினா வேலை போயிடும். நான் ஊருக்குப் போகணும்."

"தெரிஞ்சே பொய் சொல்லிக் குடுப்பியா?"

"பொய் இல்லை. பாடத்திட்டம்."

அவள் பத்திரிகையை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அன்று இருபது தடவையாவது மனதை மாற்றிக்கொண்டேன். சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும். கடைசியில் பாடத்திட்டம்தான் என்று முடிவு செய்து, பத்திரிகையை அரிசி டின்னின் மேல் வைத்துவிட்டேன். கடமையைச் செய்கிறவளுக்கு அதிகப்பிரசங்கித்தனம் எதற்கு?

திங்கட்கிழமை இவருக்கு லீவு கிடைக்கவில்லை. குழந்தையை எட்டக்காவிடம்தான் விட வேண்டியிருந்தது. பால் எப்போது, எத்தனை சூட்டில், எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ரெண்டு மணி நேரம். குழந்தைதானே, ஆசிட் இல்லையே. கொட்டினாலும் சுடாது."

பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது அந்தக் 'கொட்டினாலும்' என்ற வார்த்தையைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனேன்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். தாராவிப் பிள்ளைகள்தான் அதிகம். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் ஹிந்தி. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே பாதிப் பேர் திணறுவார்கள் என்று தலைமையாசிரியை முன்னாலேயே எச்சரித்திருந்தார். புரொபசர் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் புத்தகத்தில் இருந்தபடி தொடங்கினேன். ஐந்து நிமிஷத்தில் பிள்ளைகளும் கண்ணை மூட ஆரம்பித்தார்கள். பயத்தில் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. கரும்பலகையைத் துடைத்துவிட்டு ஒரு சமையலறை வரைந்தேன். நடுவில் ஒரு கோடு. ஒரு ஸ்டவ், ஓர் ஆட்டுக்கல். ஒரு பைத்தியக்கார வீட்டுக்காரி. அவளைப் பற்றி மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். ஜோடி, பங்கு, ஏழு எப்படி எட்டாகிறது, துணிக்கொடி எப்படித் தண்ணீராகிறது. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு குளோரினை வரையச் சொன்னதும் சரியாக வரைந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், எங்க சால்ல வரிசையா பதினாறு வீடு, அத்தனைக்கும் ஒத்தக் குழாதான். எல்லாருக்கும் பொது. தண்ணி வந்தா ஏக்தம் சண்டை, ஒரே அடிதடி. அது என்ன பிணைப்பு?"

அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல், "அது உலோகம்" என்றது.

எட்டக்கா நின்றிருந்தாள். இடுப்பில் என் குழந்தை. தலையில் குல்லா இல்லை, காலில் சாக்ஸ் இல்லை.

"தாமிரத்துல அப்படித்தான். எலெக்ட்ரான் யாருக்கும் தனியா சொந்தமில்லை. மொத்த சாலுக்கும் பொது. அதான் கரண்ட் ஓடறது, சண்டை ஓடறது" என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"யார் இது?" என்றார் தலைமையாசிரியை.

"வீட்டுக்காரி" என்றேன்.

வகுப்பு முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. ஒரு பையன் கரும்பலகையில் இருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். எவ்வளவு நேரமாக வாசலில் நின்றாள், பைத்தியம் என்று நான் சொன்னதைக் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தைரியமும் இல்லை.

அவள் கையில் அந்தப் பத்திரிகை இருந்தது. நான் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று நினைத்து, கைக்குழந்தையோடு தாராவி ரோடு வரை ஓடி வந்திருக்கிறாள். வேண்டுமென்றே ஒருத்தி அதை வீட்டில் விட்டு வருவாள் என்பது அவள் மூளைக்கு எட்டவே இல்லை.

நான் பாடத்தை முடிக்க வேண்டிய இடத்துக்கு வந்தேன். "ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான். இவை மந்த வாயுக்கள். இவை எதோடும் சேராது" என்றேன்.

உப்புமா கிளறுகிற திசையில்கூடத் தப்புக் கண்டுபிடித்த எட்டக்கா, தொண்டையைக்கூடக் கனைக்கவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"இப்படித்தான் இத்தனை நாளா நெனச்சிண்டிருந்தா" என்று என் வாய் சொல்லிவிட்டது. "இப்போ செனான் ஃப்ளோரினோட சேர்ந்திருக்கு."

புரொபசர் கண்ணைத் திறந்தார். "எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

எட்டக்கா எழுந்து வந்து பத்திரிகையை அவரிடம் நீட்டினாள். ஒரு மூலையைக் குழந்தை மென்று தின்றிருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஈரத்தைத் தன் வேட்டியில் துடைத்துவிட்டு, முழுப் பக்கத்தையும் படித்தார். எனக்குக் கும்பகோணம் ஸ்டேஷன் தெரிந்தது.

"இதைப் பரீட்சையில எழுதினா பையனுக்கு மார்க் கிடைக்காதும்மா" என்றார்.

"தெரியும், சார்." பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "பரீட்சையில சேராதுன்னு எழுதுங்கோ. ஆனா சேரும்."

குழாயைப் பற்றிக் கேட்ட பெண் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக் காலைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சாக்ஸ் எங்கே என்று கேட்டேன். "ஒரு சாக்ஸ்தான் கிடைச்சுது. ஒத்தையா எப்படிப் போடறது" என்றாள்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. வழக்கம்போல எட்டக்கா முதலில் பிரித்துப் படித்தாள். ஒரு வருஷத்துக்குத் தாற்காலிகமாக எனக்கு வேலை. கூடவே ஒரு நிபந்தனை: அன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்த அம்மாள் பள்ளி வளாகத்துக்குள் வரக்கூடாது. "நியாயம்தான்" என்றாள் எட்டக்கா.

செம்பூரில் திலக் நகரில் ஓர் அறையும் தனிச் சமையலறையும் கிடைத்தன. காலி செய்கிற அன்று நாலு ஹமால் கூலிகள் வந்து எங்கள் சாமானை மூன்று மாடி இறக்கினார்கள். எட்டக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த வாரம் விரல்கள் பச்சை.

"சேரும்போது ஒரு கஷ்டமும் இல்லை பார்த்தியா" என்றாள். "அணுக்கள் சேர்ந்தா சக்தி வெளில வரும், சாந்தமாயிடும். பிரிக்கணும்னாத்தான் வெளிலேருந்து சக்தி செலவழிக்கணும். நாலு ஆள் வேண்டியிருக்கு."

"ஸ்டவ்வுக்கு என்ன பண்ணுவேள், அக்கா?" என்றேன்.

"அடுத்த மாசம் யாராவது வருவா. ஸ்டவ் இருக்கறவாளாப் பார்த்து விடணும்."

அவ்வளவுதான். குழந்தையை ஒரு தடவை தூக்கக் கேட்கவில்லை, விலாசம் கேட்கவில்லை. நானாகவும் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டுமோ என்று டாக்ஸியில் குர்லா வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். பதினொரு மாதம் என் உயிரை எடுத்தவளுக்கு விலாசம் ஒரு கேடா என்று சியான் தாண்டும்போதே எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் யோசனை நிற்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் புது வீட்டுக் கதவு தட்டப்பட்டது. எட்டக்கா நின்றிருந்தாள், வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு. எப்படி இடத்தைக் கண்டுபிடித்தாள் என்று நான் கேட்கவில்லை. குடிவந்த நாளிலிருந்தே ஒரு டம்ளர் டிகாக்‌ஷன் தினமும் அதிகமாகத்தான் இறக்கிக்கொண்டிருந்தேன்.